பிரீசரில் கொத்தமல்லி, மிங்கலா தாங்ஞுன்ட்டுக்கு அறிவுரை

வெளிநாட்டில் இருக்கும் நம்மவர்கள் ஊருக்குக் கணக்கில்லாமல் அனுப்புவது பணம் அல்ல, அறிவுரை. இப்போது புதிதாக ஒன்று கிளம்பியிருக்கிறது. "கறிவேப்பிலை, கொத்தமல்லி எல்லாத்தையும் மொத்தமா வாங்கி பிரீசர்ல போட்டு வைங்க, தினமும் கடைக்குப் போக வேண்டாம்." ரங்கூனில் மிங்கலா தாங்ஞுன்ட்டில் இருக்கும் என் சித்திக்கு லண்டனிலிருந்து ஒருவர், டொரண்டோவிலிருந்து ஒருவர் இதைச் சொல்லிவிட்டார்கள். மூன்றாமவர் பெரிய பிரீசரே வாங்கித் தருகிறேன் என்கிறார். நான் வேண்டாம் என்றேன். கோபித்துக்கொண்டார். அவருக்கும் சேர்த்துத்தான் இதை எழுதுகிறேன்.

நான் பிரீசருக்கு எதிரி இல்லை. நோர்வே குளிரில் ஒரு கட்டு கறிவேப்பிலைக்காக பஸ் ஏறிப் போகிறவன் பிரீசரைக் குறை சொல்ல முடியுமா? இலையைக் கழுவி, துணியில் பரப்பி, ஈரம் முழுக்கப் போனபின் பையில் போட்டு, காற்றை அழுத்தி வெளியேற்றி வைத்தால் மாதக்கணக்கில் வருகிறது. எடுத்தவுடன் இளக விடாமல் அப்படியே சூடான எண்ணெயில் போட வேண்டும். இளகவிட்டால் கறுத்துத் தொய்ந்துவிடும். இலைக்குள் இருக்கும் தண்ணீர் உறைந்து பனித்துகளாகி அதன் திசுக்களைக் கிழித்துவிடுகிறது, அவ்வளவுதான் விஷயம். தாளிக்கிற இலைக்கு அது பெரிய நஷ்டம் இல்லை, எப்படியும் எண்ணெயில் பொரியப் போகிறது. ரம்பையும் அப்படியே.

கொத்தமல்லி வேறு சாதி. அரைத்து, கொஞ்சம் எண்ணெய் சேர்த்து, ஐஸ் தட்டில் ஊற்றி வைத்தால் குழம்புக்கு ஆகும். (இந்த எண்ணெய்க் கலவையை பிரீசருக்கு வெளியே நாள்கணக்கில் வைக்காதீர்கள். காற்றில்லாத இடத்தில் வளரும் நச்சுக்கிருமி ஒன்று இருக்கிறது, விளையாட்டு இல்லை.) ஆனால் மொகிங்கா மேல் தூவவோ அத்தோவில் பிசையவோ பிரீசர் கொத்தமல்லி உதவாது. ஈரத் துணியை மென்ற மாதிரி இருக்கும். நான் மாலையில் தொட்டிச் செடி வாங்கித்தான் அத்தோ பிசைகிறேன்.

சரி, ரங்கூனுக்கு வருவோம். அங்கே மின்சாரம் எப்போதும் பஞ்சம்தான். 2021 பிப்ரவரி 1 இராணுவக் கவிழ்ப்புக்குப் பிறகு அது இன்னும் மோசமாகிவிட்டது. இறக்குமதி எரிவாயுவில் ஓடிய மின்நிலையங்கள் அதே ஆண்டில் நின்றன, கியாட் மதிப்பு விழுந்தது, உள்நாட்டு எரிவாயுவும் குறைந்துகொண்டே போனது. முறை வைத்துப் பல மணி நேரம் நிறுத்துகிறார்கள்.

"பிரீசர் 48 மணி நேரம் தாங்கும்" என்று கணக்குச் சொல்கிறார் டொரண்டோக்காரர். சரிதான். முழுக்க நிரப்பிய, கதவு திறக்காத பெரிய பெட்டிக்கு 48, பாதி நிரம்பியிருந்தால் அதில் பாதி. சித்தி வீட்டில் இருப்பது பிரிட்ஜின் மேல்தட்டில் ஒரு சின்னப் பெட்டி, அடுப்படிச் சூட்டில். இலை மெலிசு, முதலில் இளகுவதும் அதுதான். மின்சாரம் வந்ததும் மறுபடி உறையும், போனதும் மறுபடி இளகும். இரண்டு தடவை அப்படி ஆனால் இலை கூழ். கூடவே மீனும் இருந்தால் அதன் தண்ணீர் இலையில் வடியும். சித்தி சொன்னது இதுதான்: "திறந்தா கண்டோஜி ஏரி நாத்தம் அடிக்குதுப்பா, காசையும் இலையையும் சேர்த்துக் கொட்டினேன்."

அப்படியானால் சேர்த்து வைப்பதே தேவையில்லையா? தேவை. இங்கிருந்து பார்க்கிறவர்களுக்கு அது தெரிவதில்லை. 2024 பிப்ரவரியில் கட்டாய இராணுவச் சேவைச் சட்டத்தை அமலுக்குக் கொண்டுவந்தார்கள். ஆண்களில் 18 முதல் 35 வயது வரை. சித்தி மகன் அந்த வயது. முன்பு சந்தைக்கு ஓடுவது அவன்தான், இப்போது அவனை அனுப்ப அவளுக்கு மனமில்லை. முட்டி வலியோடு அவளே போகிறாள். ஒரு நடை குறைந்தாலும் லாபம்.

ஆனால் மின்சாரம் இல்லாமல் இலையைக் காப்பாற்ற பர்மாவுக்கு நாம் சொல்லித்தர வேண்டியதில்லை. தேயிலையையே மாதக்கணக்கில் அழுத்தி ஊறவைத்து லப்பெ ஆக்கிச் சாப்பிடும் நாடு அது. கடுகுக்கீரையை உப்பில் புளிக்கவைத்தால் மொன்யின்ஜின். புளிச்சக்கீரையை வெங்காயம், இறால் போட்டுச் சுருள வதக்கினால் இரண்டு வேளைக்குக் கவலையில்லை. நம் தமிழ் வீட்டுப் பழக்கமும் சேர்ந்தே இருக்கிறது. வெயில் காலத்தில் கறிவேப்பிலையை நிழலில் உலர்த்திப் பொடிப்பாள். மே முதல் அக்டோபர் வரை மழையில் எதுவும் காயாது, அப்போது கொத்தமல்லியைப் புளி, உப்பு, நல்லெண்ணெயில் நீர் வற்றும்வரை வதக்கித் தொக்கு. பச்சையாக வேண்டுமென்றால் வேரோடு வாங்கித் தண்ணீர் டம்ளரில் நிறுத்தி வைப்பாள், இரண்டு மூன்று நாள் நிற்கும்.

அந்தத் தொக்கை இப்போது நானும் இங்கே செய்கிறேன். குழம்புக்கு ஐஸ் கட்டியைவிட அதுதான் மணக்கிறது.

பிரீசர் வாங்க ஒதுக்கிய பணத்தை அப்படியே சித்தியிடம் கொடுத்துவிடுங்கள் அண்ணே. என்ன வாங்குவது என்று அவள் முடிவு செய்யட்டும். நான் கேட்டதற்கு முதலில் கரி என்றாள், அடுத்தது நல்லெண்ணெய்.