பழ ஸ்ரீகண்டம்

வஸந்த காலத்தில், நமது யுகாதிப் பண்டிகையன்றே மகாராஷ்டிரத்தார் குடீ பாட்வா கொண்டாடுகிறார்கள். அன்றைய விருந்தில் பூரியும் ஸ்ரீகண்டமும் விசேஷம். அதில் பழங்களைக் கலந்தால் குழந்தைகளுக்குப் பரம குதூகலம். ஆயினும், பல வீடுகளில் இலைக்கு வருமுன்பே அது நீர்த்துப் போய், பாலும் பழமும் வீணாகின்றன. இதைத் தவிர்க்கும் வழியைச் சொல்லுகிறோம்.

1 லிட்டர் பாலில் உறைந்த புளிக்காத தயிரை மெல்லிய துணியில் மூட்டையாகக் கட்டி, குளிர்ந்த இடத்தில் 8 மணி நேரம் தொங்கவிடவும். இதில் அவசரம் கூடாது. வடிந்த நீரைக் கொட்டாமல் பூரிமாவு பிசைய வைத்துக்கொள்ளலாம். கட்டித் தயிருடன் 150 கிராம் சர்க்கரை சேர்த்து, சல்லடையில் தேய்த்தெடுத்தால் வெண்ணெய்போல் குழையும். சூடான பாலில் ஊறிய குங்குமப்பூவும் ஏலப்பொடியும் சேர்க்கவும்.

திராட்சை, மாதுளை முத்து, வாழைப்பழத் துண்டு இவற்றை ஈரமின்றிப் பரிமாறும் சமயத்திலேயே கலக்க வேண்டும். முன்னதாகக் கலந்தால் சர்க்கரையானது பழச்சாற்றை வெளியே இழுத்துவிடும். பச்சை அன்னாசியோ ஆகவே ஆகாது. அதிலுள்ள ஒரு வஸ்து பாலின் புரதத்தைச் சிதைத்துக் கசப்பாக்கும். வேண்டுவோர் அன்னாசியைப் பாகில் கொதிக்கவைத்து, ஆறிய பின் சேர்க்கலாம். கொதித்தால் அக்குணம் போய்விடும்.

வரும் யுகாதிக்கு நம் சகோதரிகள் இதைச் செய்து பார்ப்பார்களாக!