வண்டிப்பாதையை அடைத்த பண்ணை வீடு... வழி கேட்க என்ன வழி?

கேள்வி: “தளி பக்கத்தில் எங்களுக்கு இரண்டரை ஏக்கர் நிலம் இருக்கிறது. தக்காளி, ராகி, கொஞ்சம் முட்டைக்கோஸ் போடுகிறோம். பக்கத்து நிலக்காரர் தன்னுடைய இரண்டு ஏக்கரை பெங்களூருவில் வேலை பார்க்கும் ஒருவருக்கு விற்றுவிட்டார். வாங்கியவர் பண்ணை வீடு கட்டி, சுற்றிலும் வேலி போட்டு, எங்கள் அப்பா காலத்திலிருந்து வண்டி போய்வந்த பாதையை அடைத்துவிட்டார். தக்காளிப் பெட்டிகளைத் தலைச்சுமையாகத்தான் ரோட்டுக்குக் கொண்டு வருகிறோம். எருக்குழி நாற்றம் அடிக்கிறது என்றும் சண்டைக்கு வருகிறார். இப்போது, ‘உங்கள் நிலத்தையும் கொடுத்துவிடுங்கள்’ என்று புரோக்கர் வாசலில் நிற்கிறார். பாதை திரும்பக் கிடைக்குமா? இல்லை, விற்றுவிட்டுப் போவதுதான் நல்லதா?”

- ஒரு வாசகர், தேன்கனிக்கோட்டை வட்டம்.

பதில்: ஓசூர், பாகலூர், பேரிகை, தளி, கெலமங்கலம், அஞ்செட்டி என்று எல்லைப் பகுதி முழுவதும் இன்று நடப்பது இதுதான். கர்நாடகத்தில் விவசாயி அல்லாதவர் விவசாய நிலம் வாங்க நெடுங்காலம் தடை இருந்தது. 2020-ல்தான் அதை நீக்கினார்கள். தமிழ்நாட்டில் அப்படி ஒரு தடை இருந்ததே இல்லை. பெங்களூருவிலிருந்து ஓசூர் 40 கிலோமீட்டர்தான். சனி, ஞாயிறு வந்து தங்க ஒரு வீடு வேண்டும் என்று நினைப்பவர்களுக்கு தளியின் குளிர்ச்சியும் பிடித்துப்போகிறது. அவர் நிலம் வாங்கியதில் சட்டப்படி தவறு இல்லை. ஆனால், நிலத்தை வாங்கியவர் அதன் மீதுள்ள பாதை உரிமையையும் சேர்த்தே வாங்குகிறார். நிலம் கை மாறியதால் பக்கத்துக்காரரின் வழி செத்துப்போகாது.

முதலில் அந்தப் பாதை யாருடையது என்று பார்க்க வேண்டும். கிராம வரைபடம், புலப்படம், ‘அ’ பதிவேடு மூன்றையும் வாங்கிப் பார்த்தால் தெரிந்துவிடும். அதில் வண்டிப்பாதைப் புறம்போக்கு என்று இருந்தால் வேலை சுலபம். தாசில்தாரிடம் மனு கொடுத்து, சர்வேயரை வைத்து அளந்து, 1905-ம் வருட நில ஆக்கிரமிப்புச் சட்டப்படி வேலியை அகற்றக் கேட்கலாம். மனுவுக்கு ஒப்புகைச் சீட்டு வாங்கி வைப்பது அவசியம்.

பாதை பட்டா நிலத்தில் ஓடினால், மூலப்பத்திரங்களை எடுக்க வேண்டும். வாசகருடைய பத்திரம் மட்டுமல்ல, பக்கத்து நிலத்தின் பழைய பத்திரத்தையும் சார்பதிவாளர் அலுவலகத்தில் நகல் போட்டுப் பார்க்கலாம். ‘வண்டிப்பாதை, வழிநடை பாத்தியம் உட்பட’ என்று ஒரு வரி இருந்தால் அதுவே பலமான ஆதாரம். அப்படி எழுதப்படாவிட்டாலும் கைவிட வேண்டியதில்லை. 1882-ம் வருட இந்திய வசதியுரிமைச் சட்டம் இரண்டு கதவுகளைத் திறந்து வைத்திருக்கிறது. ஒன்று, 20 வருடங்களுக்குக் குறையாமல், தடையில்லாமல், உரிமையாக நினைத்து வெளிப்படையாகப் பயன்படுத்திய பாதைக்கு உரிமை உண்டு. இரண்டு, ஒரே குடும்பத்து நிலம் பாகம் பிரிந்தோ விற்கப்பட்டோ, ஒரு துண்டுக்கு வேறு வழியே இல்லாமல் போனால், ‘தேவையின் பேரிலான’ பாதை உரிமை உண்டு.

இதில் பலர் கோட்டைவிடும் இடம் ஒன்று இருக்கிறது. 20 வருடப் பயன்பாட்டைக் காட்டி வழக்குப் போடுபவர், பாதை அடைக்கப்பட்ட இரண்டு வருடத்துக்குள் நீதிமன்றம் போயாக வேண்டும். ‘பேசிப் பார்ப்போம், திருவிழா முடியட்டும், அறுவடை முடியட்டும்’ என்று தள்ளிப்போட்டால் உரிமையே பலவீனமாகிவிடும். வேலி போட்ட தேதி தெரியும்படி புகைப்படம், பாதையில் டிராக்டர் ஓட்டியவர்கள், ஊர்ப் பெரியவர்களின் சாட்சி எல்லாவற்றையும் இப்போதே சேர்த்து வைக்க வேண்டும். வக்கீல் செலவுக்கு வசதி இல்லாத குடும்பம், வட்ட சட்டப் பணிகள் குழுவை அணுகலாம். அங்கே மக்கள் நீதிமன்றம் மூலம் சமரசமாக முடிக்கவும் வழி உண்டு. எந்தக் காரணத்துக்காகவும் இரவில் போய் வேலியை வெட்டக் கூடாது. வெட்டினால் குற்றவாளிக் கூண்டில் நிற்பது வழி இழந்தவராகத்தான் இருக்கும்.

எருக்குழிக்கு வருவோம். பிரான்சிலும் இதே சண்டை நடந்தது. ஒலெரோன் தீவில் விடுமுறை வீடு வைத்திருந்தவர்கள், ‘மோரிஸ்’ என்ற சேவல் விடியற்காலையில் கூவுகிறது என்று வழக்குப் போட்டார்கள். 2019-ல் நீதிமன்றம் சேவல் பக்கம் தீர்ப்பு சொன்னது. 2021-ல் கிராமத்துச் சத்தங்களையும் வாசனைகளையும் பாதுகாக்கவே அங்கே ஒரு சட்டம் போட்டார்கள். நம்மிடம் அப்படிச் சட்டம் இல்லை. அதனால், குழியை வீட்டுப் பக்கமிருந்து தள்ளி அமைத்து, மேலே மண்ணும் சருகும் மூடி வைப்பது நல்லது. எருவும் காயாமல் இருக்கும், சண்டைக்கும் இடமிருக்காது.

புதிதாக வருபவருக்கும் ஊர் தெரியாது. ராகி முற்றும் மாதங்களில் ஜவளகிரி, தளிப் பக்கம் யானை வரும், ராத்திரியில் காவல்காரர்கள் சத்தம் போடுவார்கள் என்பது அவருக்கு யாராவது சொன்னால்தான் புரியும். காப்புக் காட்டை ஒட்டிய இடத்தில் சோலார் மின்வேலி போட வனத்துறை அனுமதி வேண்டும், கம்பியில் நேரடி மின்சாரம் விடுவது குற்றம், விவசாயத்துக்கான இலவச மின்சாரத்தை வீட்டுக்கும் நீச்சல் குளத்துக்கும் இழுக்கக் கூடாது, புது போர்வெல் போட ஊராட்சியில் அனுமதி வாங்க வேண்டும். இவற்றை வம்பாக இல்லாமல் தகவலாகச் சொல்லலாம். தெலுங்கு, கன்னடம், தமிழ் மூன்றும் புழங்கும் ஊரில் பேச்சுக்குப் பஞ்சமில்லை. அவருக்கும் பால், காய்கறி, ஆள் இல்லாத நாளில் வீட்டைப் பார்க்க ஒரு கண் எல்லாம் தேவை. பத்தடி அகலத்துக்குப் பாதை விட்டு, அதை எழுத்தில் பதிவு செய்துகொள்ள அவரே சம்மதித்தால் கோர்ட் செலவு மிச்சம். ஆனால், வாய்ப்பேச்சோடு நிறுத்தக் கூடாது. நாளை அவர் வேறொருவருக்கு விற்றால் பேச்சு நிற்காது, பத்திரம்தான் நிற்கும்.

கடைசியாக, விற்பதா வேண்டாமா? பாதை அடைபட்ட நிலத்துக்கு எப்போதும் விலை குறைவு. முடக்கி வைத்து, மலிவாகக் கேட்பது பழைய தந்திரம். எனவே பாதையை மீட்காமல் விலை பேசக் கூடாது. அதன் பிறகும் விற்கத்தான் வேண்டும் என்றால், கவனிக்க வேண்டியவை:

* கர்நாடகத்துக்காரர்கள் குண்டே கணக்கில் பேசுவார்கள். 40 குண்டே ஒரு ஏக்கர். ஒரு குண்டே இரண்டரை சென்ட். விலையை ஏக்கருக்கு மாற்றிப் பார்க்க வேண்டும்.

* முழுப்பணம் வங்கி வழியாக வராமல் கிரயம் கூடாது. புரோக்கருக்குப் பொது அதிகாரப் பத்திரம் எழுதித் தரவே கூடாது. விற்பனை ஒப்பந்தத்தையும் பதிவு செய்ய வேண்டும்.

* கொஞ்சம் நிலத்தை மட்டும் விற்றால், மீதி நிலத்துக்கான பாதையும் கிணற்றுப் பங்கும் அதே பத்திரத்தில் எழுதப்பட வேண்டும்.

* வெளிநாடுவாழ் இந்தியர் பரம்பரையாக வரும் நிலத்தை வைத்துக்கொள்ளலாம். ஆனால், விவசாய நிலமோ பண்ணை வீடோ விலைக்கு வாங்க அந்நியச் செலாவணிச் சட்டம் அனுமதிப்பதில்லை. வேறொருவர் பெயரில் வாங்குகிறேன் என்பவரிடம் சிக்க வேண்டாம்.

* ஓசூர் மாநகராட்சி எல்லையிலிருந்து நேர்கோட்டில் 6 கிலோமீட்டருக்குள் இருக்கும் விவசாய நிலத்தை விற்றால் வருமான வரி வரலாம். 10,000-க்கு மேல் மக்கள்தொகை உள்ள பேரூராட்சி என்றால் 2 கிலோமீட்டர். அதைத் தாண்டிய கிராமத்து நிலத்துக்கு அந்த வரி இல்லை.

* நிலம் முழுவதும் போய்விட்டால், வருடம் 6,000 ரூபாய் பி.எம்.கிசான் உதவியும் சிறு, குறு விவசாயி சான்றும் போய்விடும்.

விற்ற பணத்தில் அதே ஊரில் இன்னொரு இரண்டரை ஏக்கர் கிடைக்குமா என்று விசாரித்துவிட்டு முடிவெடுப்பது நல்லது. கிடைக்காது என்று தெரிந்தால், புரோக்கர் சொல்லும் விலை எவ்வளவு பெரிதாகத் தெரிந்தாலும் அது குறைந்த விலைதான். இப்போதைக்கு வாசகர் செய்ய வேண்டிய முதல் வேலை, இந்த வாரமே தாலுகா அலுவலகத்தில் புலப்பட நகலுக்கு விண்ணப்பிப்பது.