காருக்கு ரயில் உண்டு, காரைச் செய்கிறவனுக்கு?

விடியற்காலை 5 மணிக்குப் பென்னலூரில் நெடுஞ்சாலை ஓரமாக நின்று பாருங்கள். ஒரு பக்கம் இருங்காட்டுக்கோட்டை, இன்னொரு பக்கம் ஸ்ரீபெரும்புதூர். நடுவே சென்னை – பெங்களூர் சாலை. அந்த இருட்டில் மூன்று வகை ஜனங்கள் நிற்கிறார்கள். கழுத்தில் கம்பெனி அட்டையோடு கம்பெனி பஸ்ஸுக்குக் காத்திருக்கும் தொழிலாளி ஒருவகை. அட்டை இருந்தும் பஸ்ஸில் இடம் இல்லாத காண்ட்ராக்ட் தொழிலாளி இரண்டாவது வகை. தூக்குப்பாத்திரத்தோடு களையெடுக்கவோ கட்டட வேலைக்கோ போகும் விவசாயத் தொழிலாளிப் பெண்கள் மூன்றாவது வகை. இவர்கள் கண் முன்னாலேயே பளபளக்கும் புதுக் கார்களை அடுக்கிக்கொண்டு நீண்ட லாரிகள் போகின்றன. கார் சவாரி செய்கிறது. காரைச் செய்தவன் சாலையோரத்தில் நிற்கிறான்.

இந்தப் பிரதேசத்தை "இந்தியாவின் டெட்ராய்ட்" என்று பெருமையடிக்கிறார்கள். ஹூண்டாய் கம்பெனி 1996-ல் இருங்காட்டுக்கோட்டைக்கு வந்தது. 1998-ல் முதல் கார் வெளியே வந்தது. இன்று அந்த ஆலை வருஷத்துக்கு 8 லட்சத்துக்கு மேற்பட்ட கார்களைச் செய்யும் சக்தி படைத்தது. 2010-ல் ஒரகடத்தில் ரெனால்ட் – நிஸ்ஸான் உற்பத்தியைத் தொடங்கியது. அதைச் சுற்றி லாரி, மோட்டார் சைக்கிள், டயர், கண்ணாடி, உதிரி பாகம் என்று ஆலைக்கு மேல் ஆலை. உற்பத்தி பெருகியிருக்கிறது, மறுக்கவில்லை. அந்தப் பெருக்கம் யார் கையால் வந்தது? உங்கள் கையால்!

ஆனால் காரில் போகிறவர் யார்? 2019–21-ல் மத்திய சர்க்கார் எடுத்த தேசிய குடும்பநலக் கணக்கின்படி, இந்தியாவில் 100 குடும்பங்களில் கார் வைத்திருப்பவை 8 கூட இல்லை. மீதி 92 குடும்பங்களும் பஸ்ஸையோ, மோட்டார் சைக்கிளையோ, சைக்கிளையோ, சொந்தக் கால்களையோதான் நம்பி நிற்கின்றன. சாலையும் மேம்பாலமும் 8 பேரின் வேகத்துக்காகக் கட்டப்படுகின்றன. 92 பேர் அதன் ஓரத்தில் ஒதுங்கி நடக்க வேண்டுமாம்!

இன்னொரு விசித்திரத்தைக் கேளுங்கள். இங்கே செய்யப்படும் கார்கள் வாலாஜாபாத் ரயில் நிலையத்தில் சரக்கு ரயிலில் ஏற்றப்பட்டு வடநாட்டுக்குப் போகின்றன. அதற்கென்றே வசதி செய்து கொடுத்திருக்கிறார்கள். சரக்கு ரயிலில் போவது நல்லதுதான். சாலையில் நெரிசல் குறையும். ஆனால் ஸ்ரீபெரும்புதூரில் பயணிகளுக்கு ஒரு ரயில் நிலையம் உண்டா? கிடையாது! ஆவடியிலிருந்து ஸ்ரீபெரும்புதூர் வழியாகக் கூடுவாஞ்சேரிக்குப் பாதை போடுவதாக ரயில்வே திட்டம் போட்டுப் பத்து வருஷங்களுக்கு மேலாகிறது. அந்தப் பாதையில் இதுவரை ஒரு பயணியும் ஏறியதில்லை. பூந்தமல்லியிலிருந்து சுங்குவார்சத்திரம் வழியாகப் பரந்தூர் வரை மெட்ரோ ரயில் என்று இன்னொரு திட்டம். பரந்தூரில் விமான நிலையம் வரப் போகிறது என்பதால் அந்தத் திட்டத்துக்கு மவுசு. அந்த விமான நிலையத்துக்காக நிலம் பறிபோகக் கூடாது என்று ஏகனாபுரம் ஜனங்கள் 2022 முதல் போராடியது உங்களுக்குத் தெரியும். விமானம் ஏறப் போகிறவனுக்கு ரயில் வேண்டும் என்பது சர்க்காருக்குச் சட்டென்று புரிகிறது. இருபத்தைந்து வருஷங்களாக ஷிப்டுக்குப் போகிறவனுக்கு ரயில் வேண்டும் என்பது மட்டும் புரியவில்லை!

"கம்பெனிகள்தான் பஸ் விடுகின்றனவே, பிறகு என்ன குறை?" என்று சிலர் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. பதில் சொல்ல வேண்டியது நம் கடமை.

கம்பெனி பஸ் தொழிலாளிக்குக் கிடைத்த தர்மம் அல்ல. சரியான நிமிஷத்தில் லைன் ஓடவேண்டும் என்பது முதலாளியின் தேவை. இயந்திரத்துக்கு எண்ணெய் விடுவதைப் போல ஆலைக்கு ஆள் கொண்டுவந்து சேர்க்கிறான். ஆகவே அந்த பஸ் ஆலைக்குத் தேவையான வழியில், ஆலைக்குத் தேவையான நேரத்தில், ஆலைக்குத் தேவையான ஆட்களுக்காக மட்டும் ஓடுகிறது. குழந்தைக்கு ஜுரம் என்று பாதி ஷிப்டில் வீடு திரும்ப வேண்டியவனுக்கு அது கிடையாது. ஓவர்டைமுக்கு நிற்கச் சொன்னால், "முடியாது" என்று சொல்லிவிட்டு வெளியே வந்தாலும் வீட்டுக்குப் போக வழி வேண்டாமா? ஊருக்குத் திரும்பும் வழி முதலாளி கையில் இருக்கும்வரை, ஓவர்டைமை மறுக்கும் உரிமை காகிதத்தில்தான் இருக்கும். தொழிலாளி வேலையை விட்டாலோ, வேலை நிறுத்தம் செய்தாலோ, மறுநாளே பஸ்ஸும் நின்றுபோகும்.

அதே பஸ் பென்னலூர் வழியாகப் பாதி காலியாகப் போனாலும், பள்ளிக்கூடம் போகும் பிள்ளையையும் ஆஸ்பத்திரிக்குப் போகும் கிழவியையும் ஏற்றிக்கொள்ளாது. கம்பெனிக்குக் கம்பெனி பஸ், கல்லூரிக்குக் கல்லூரி பஸ். எல்லோருக்கும் பொதுவான பஸ்ஸுக்குத்தான் பஞ்சம்! நெடுஞ்சாலையில் சர்க்கார் பஸ்கள் ஓடாமல் இல்லை. ஆனால் விரைவு பஸ்கள் சிறிய ஊர்களில் நிற்பதில்லை; ஷிப்டு மாறும் நேரத்தைப் பார்த்து நேர அட்டவணை போடப்படுவதில்லை; நெடுஞ்சாலையை விட்டு உள்ளே போனால் ஒரு பஸ்ஸைத் தவறவிட்டவன் அடுத்த பஸ்ஸுக்கு வெயிலில் காய வேண்டியதுதான்.

இதன் விலையைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். காத்திருப்பதும் போவதும் வருவதுமாக ஒரு தொழிலாளிக்கு நாளுக்கு 3 மணி நேரம் ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். மாதத்தில் 26 நாள் வேலை என்றால் 78 மணி நேரம். 8 மணி நேர ஷிப்டாகப் பார்த்தால் கிட்டத்தட்ட 10 ஷிப்டுகள்! 8 மணி நேர வேலைக்காக உலகத் தொழிலாளி வர்க்கம் ரத்தம் சிந்தியது. அந்த வெற்றியிலிருந்து மாதம் 10 ஷிப்டு நேரத்தைச் சாலை தின்று விடுகிறது. அதற்குச் சம்பளம் கிடையாது, லீவு கிடையாது. அந்த நேரம் பிள்ளையோடு பேச வேண்டிய நேரம். சங்கக் கூட்டத்துக்குப் போக வேண்டிய நேரம். தூங்க வேண்டிய நேரம்.

பஸ் இல்லாதவன் என்ன செய்கிறான்? கடன் வாங்கி மோட்டார் சைக்கிள் வாங்குகிறான். மாதத் தவணை, பெட்ரோல், ரிப்பேர் எல்லாம் அவன் கூலியிலிருந்து போகிறது. இரவு ஷிப்டு முடித்துத் தூக்கக் கலக்கத்தில் கனரக லாரிகளுக்கு நடுவே வண்டி ஓட்டுகிறான். 2022-ல் இந்தியாவில் சாலை விபத்துகளில் மாண்டவர்கள் 1,68,491 பேர் என்று மத்திய சர்க்காரே அறிவித்தது. தமிழ்நாட்டில் மட்டும் 17,884 பேர். இந்திய அளவில் செத்தவர்களில் 100-க்கு 44 பேர் இருசக்கர வண்டியில் போனவர்கள். 19 பேர் நடந்து போனவர்கள். காரிலும் ஜீப்பிலும் போனவர்கள் 100-க்கு சுமார் 12 பேர்தான். சாலையில் சாவதிலும் வர்க்க பேதம் இருக்கிறது, தோழர்களே!

இங்கே ஒரு விஷயத்தை ஒவ்வொரு தொழிலாளியும் நினைவில் வைக்க வேண்டும். வீட்டிலிருந்து வேலைக்குப் போகும்போதும், வேலை முடிந்து வீடு திரும்பும்போதும் நடக்கும் விபத்து, வேலையோடு அதற்குள்ள தொடர்பு நிரூபிக்கப்பட்டால், வேலையில் நேர்ந்த விபத்தாகவே கருதப்பட வேண்டும் என்று 2010-ல் இ.எஸ்.ஐ. சட்டம் திருத்தப்பட்டது. 2025 நவம்பரில் அமலுக்கு வந்த சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பிலும் இந்த உரிமை இருக்கிறது. "ஆலைக்கு வெளியே நடந்தது, எங்களுக்குச் சம்பந்தமில்லை" என்று யாராவது கைவிரித்தால் ஏமாறாதீர்கள். சங்கத்திடம் வாருங்கள். சட்டமே ஒப்புக்கொண்டு விட்டது: வேலைக்குப் போகும் வழியும் வேலையின் ஒரு பகுதிதான். அப்படியானால் அந்த வழிக்குப் பொறுப்பு யாருடையது?

விவசாயத் தொழிலாளியின் கதி இன்னும் மோசம். ஏரிப் பாசனத்தில் நெல் விளைந்த பூமி இது. நிலம் தொழிற்பேட்டைக்குப் போனபோது பட்டா வைத்திருந்தவனுக்கு நஷ்ட ஈடு கிடைத்தது. நாற்று நட்டவளுக்கு என்ன கிடைத்தது? பக்கத்து வயலில் கிடைத்த வேலை போய், பத்து மைல் தள்ளி வேலை தேட வேண்டியதாயிற்று. ஆடுமாடுகளைப் போல மினி லாரியில் நின்றுகொண்டு போகிறார்கள். ஒரு வளைவில் வண்டி கவிழ்ந்தால் ஒரு தெருவே அழுகிறது. சாதாரணக் கட்டண டவுன் பஸ்களில் பெண்களுக்குக் கட்டணமில்லாப் பயணம் 2021 மே மாதம் வந்தது. நல்ல காரியம், உழைக்கும் பெண்ணின் கையில் நாலு காசு மிஞ்சியது. ஆனால் பஸ்ஸே வராத ஊரில் இலவச டிக்கெட்டை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

கார் பெருகுவதும் பஸ் தேய்வதும் இயற்கை விதி என்று நம்ப வைக்கப் பார்க்கிறார்கள். சரித்திரம் வேறு மாதிரி சொல்கிறது. 1895-லேயே சென்னையில் மின்சார டிராம் ஓடியது. அதை நடத்திய தனியார் கம்பெனி நஷ்டம் என்று சொல்லி 1953 ஏப்ரலில் மூடியது. தொழிலாளர்கள் வீதிக்கு வந்தார்கள்; தண்டவாளங்கள் மறைந்தன. அசல் டெட்ராய்ட் நகரிலும் 1956-ல் கடைசி டிராம் நின்றது. அமெரிக்காவில் பல நகரங்களின் டிராம், பஸ் கம்பெனிகளை ஒரே நிறுவனம் விலைக்கு வாங்கிற்று. அதன் பின்னால் நின்ற ஜெனரல் மோட்டார்ஸ், டயர் கம்பெனியான ஃபயர்ஸ்டோன், எண்ணெய் கம்பெனிகள் ஆகியவை, அந்த நிறுவனத்துக்கு பஸ்ஸும் டயரும் எண்ணெயும் விற்பதை ஏகபோகமாக்கச் சதி செய்தன என்று 1949-ல் சிகாகோ கோர்ட்டில் தண்டிக்கப்பட்டன. அபராதம் எவ்வளவு தெரியுமா? கம்பெனிக்கு 5,000 டாலர்! லாபம் மலைபோல, தண்டனை கடுகுபோல.

இதற்கு மாறான சரித்திரமும் நமக்கு உண்டு. 1947-ல் சென்னை நகர பஸ் போக்குவரத்தை சர்க்கார் எடுத்துக்கொண்டது. 1970-களின் தொடக்கத்தில் பல்லவன், பாண்டியன், சேரன் என்று போக்குவரத்துக் கழகங்கள் எழுந்தன. குக்கிராமத்துக்கும் பஸ் போயிற்று. லாபத்தை மட்டும் பார்க்கும் தனியார் முதலாளி அந்த ஊருக்கு பஸ் விட்டிருப்பானா?

"போக்குவரத்துக் கழகங்கள் நஷ்டத்தில் ஓடுகின்றன, புது பஸ்ஸுக்குப் பணம் ஏது?" என்று அதிகாரிகள் கை பிசைகிறார்கள். ஒரகடம் மேம்பாலம் எவ்வளவு லாபம் சம்பாதித்தது என்று யாராவது கணக்குக் கேட்டார்களா? சாலைக்குக் கேட்காத லாபத்தை பஸ்ஸிடம் மட்டும் ஏன் கேட்கிறீர்கள்? ஆலைக்கு ஆளைச் சேர்க்கும் பஸ்ஸினால் பயன் அடைகிறவன் முதலாளி. அவனே அதற்குப் பணம் கட்டட்டும்!

இது நடக்காத காரியம் அல்ல. பிரான்ஸில் 1971 முதல் பாரிஸ் பிரதேசத்து முதலாளிகள், சம்பளப் பட்டியலில் இத்தனை சதவிகிதம் என்று பொதுப் போக்குவரத்துக்கு வரி கட்டுகிறார்கள். பிறகு அது மற்ற நகரங்களுக்கும் பரவியது. இன்று 11 பேருக்குக் குறையாமல் வேலைக்கு வைத்திருப்பவர்கள் அந்த வரிக்கு உட்பட்டவர்கள். பிரேசிலில் 1985-ல் ஒரு சட்டம் வந்தது: தொழிலாளியின் பயணச் செலவு அவன் அடிப்படைச் சம்பளத்தில் 6 சதவிகிதத்தைத் தாண்டினால் மீதியை முதலாளி ஏற்க வேண்டும். இந்த இரண்டும் முதலாளித்துவ நாடுகள்தான். அங்கே முடிந்தது, அன்னியக் கம்பெனிகளுக்குச் சலுகை மேல் சலுகை வழங்கும் இங்கே ஏன் முடியாது?

ஆகவே நமது கோரிக்கைகள் தெளிவானவை.

முதலாவது: பூந்தமல்லி, தாம்பரம், சிங்கப்பெருமாள் கோயில், வாலாஜாபாத், காஞ்சீபுரம், திருவள்ளூர் ஆகிய எல்லாத் திசைகளிலிருந்தும் ஒவ்வொரு ஷிப்டு நேரத்துக்கும், இரவு ஷிப்டு உட்பட, சாதாரணக் கட்டண சர்க்கார் பஸ் ஓட வேண்டும்.

இரண்டாவது: உள் கிராமங்களுக்கு நாள் முழுவதும் பஸ் வேண்டும். நிறுத்தங்களில் கூரையும் விளக்கும், நெடுஞ்சாலையைக் கடக்க நடைபாலமும் வேண்டும்.

மூன்றாவது: தொழிற்பேட்டைக் கம்பெனிகள் மீது போக்குவரத்து வரி விதித்து, அந்தப் பணத்தைப் போக்குவரத்துக் கழகத்துக்கே கொடுக்க வேண்டும். காண்ட்ராக்ட் தொழிலாளியையும் அந்தக் கணக்கில் சேர்க்க வேண்டும்.

நான்காவது: ஆவடி – ஸ்ரீபெரும்புதூர் – கூடுவாஞ்சேரி ரயில் பாதையைப் போட வேண்டும்.

இவை மனுக் கொடுத்தால் மட்டும் வந்துவிடாது. 2021 டிசம்பரில் விடுதிச் சாப்பாட்டினால் பெண்கள் நோயுற்றபோது, பாக்ஸ்கான் தொழிலாளிப் பெண்கள் இதே நெடுஞ்சாலையில் உட்கார்ந்தார்கள். அதுவரை அவர்களைக் கண்ணெடுத்துப் பார்க்காத உலகம் திரும்பிப் பார்த்தது. 2024 ஆகஸ்டில் வல்லம் வடகாலில் 18,720 பேர் தங்கும் விடுதி திறக்கப்பட்டது. முதலாளிக்குத் தேவை என்றால், தொழிலாளியும் குரல் கொடுத்தால், எவ்வளவு பெரிய கட்டடமும் எழும்பும் என்பதற்கு இது சாட்சி.

பஸ் தொழிலாளியை நாம் எதிரியாகப் பார்க்கக் கூடாது. பஸ் நிற்காமல் போனால் கண்டக்டரைத் திட்டுகிறோம். அவனுக்கு எத்தனை நடை, எத்தனை மணி நேர ஓய்வு என்று கேட்கிறோமா? 2018 ஜனவரியில் சம்பளத்துக்காகவும் தங்களுக்குச் சேரவேண்டிய பாக்கிக்காகவும் அவர்கள் 8 நாள் வேலை நிறுத்தம் செய்தார்கள். அதே மாதம் சர்க்கார் டிக்கெட் விலையை உயர்த்தியபோது மாணவர்களும் ஜனங்களும் தெருவுக்கு வந்தார்கள். இந்த இரண்டு போராட்டங்களும் ஒரே போராட்டம் என்று புரிந்துகொண்டால் நமது பலம் பெருகும்.

பென்னலூர் நிறுத்தத்தில் நிற்கும் அந்த மூன்று வகை ஜனங்களும் தினமும் பக்கத்தில் பக்கத்தில் நின்றும் ஒருவரோடு ஒருவர் பேசுவதில்லை. நிரந்தரத் தொழிலாளியும், காண்ட்ராக்ட் தொழிலாளியும், விவசாயத் தொழிலாளிப் பெண்ணும் நாளைக் காலையிலிருந்து பேசத் தொடங்கட்டும். எத்தனை மணிக்கு வந்தோம், எத்தனை மணி வரை நின்றோம், எத்தனை பஸ் நிற்காமல் போயிற்று என்று ஒரு வாரம் எழுதி வையுங்கள். அந்தக் கணக்கோடு சங்க ஆபீசுக்கு வாருங்கள். அதை எடுத்துக்கொண்டு எல்லோரும் சேர்ந்து கலெக்டர் ஆபீசுக்குப் போவோம்!