பூட்டிய பெட்டியும் திறந்த அலையும்

அமெச்சூர் வானொலியாளர் என்பவர் கடையில் ஒரு கருவியை வாங்கி அதன்மூலம் பேசிப் பொழுதுபோக்குபவர் மட்டுமல்லர். சர்வதேச வானொலி ஒழுங்குவிதிகள் அவரது சேவையை வரையறுக்குங்கால், சுயபயிற்சி, பரஸ்பரத் தொடர்பு, தொழில்நுட்ப ஆய்வு ஆகிய மூன்றையும் அதன் நோக்கங்களாகக் கூறுகின்றன. பணநோக்கின்றித் தனிப்பட்ட ஆர்வத்தின் பொருட்டு மட்டுமே அது நடைபெறல் வேண்டும் என்றும் விதிக்கின்றன. வணிக நிறுவனங்கள் பெருந்தொகை கொடுத்துப் பெறும் அலைவரிசைகளுக்கு அயலிலே அவருக்கும் இடம் ஒதுக்கப்பட்டிருப்பது இந்நோக்கங்கள் கருதியே. அத்தகைய ஒருவர், தமது குரல் எவ்வாறு எண்களாக மாறுகின்றது என்பதை அறியவொட்டாத பெட்டியொன்றை விரும்பி ஏற்பாராயின், அவர் விட்டுக்கொடுப்பது சிறு வசதியை அன்று. தமது அனுமதிப்பத்திரத்தின் அடிப்படையையே ஆகும்.

வால்வுகளின் காலத்தில் இப்பிரச்சினை எழவில்லை. கருவியோடு சுற்றுப்படமும் வந்தது. மூடியைத் திறந்தவர் கண்முன்னே மின்தடைகளும் கொள்ளளவிகளும் கிடந்தன. பழுதானதை மாற்றலாம், நல்லதை மேலும் நல்லதாக்கலாம். இன்றோ சுற்றின் வேலையில் பெரும்பகுதியை மென்பொருள் ஏற்றுக்கொண்டுவிட்டது. ஆகவே அன்றைய சுற்றுப்படத்தின் இடத்தில் இன்று நிற்பது மூலநிரலே. அதனை மறைத்து வைப்பது, மூடியை ஒட்டுப்போட்டு அடைத்து விற்பதற்கு ஒப்பாகும்.

யப்பானிய அமெச்சூர் வானொலிக் கழகம் அந்நாட்டு அரசின் நிதியுதவியோடு உருவாக்கி, 2001இல் வெளியிட்ட டீ-ஸ்டார் முறையை இங்கு நோக்கலாம். அதன் ஏனைய விதிமுறைகள் யாவரும் படிக்கத் தக்கவையாக வெளியிடப்பட்டன. ஆனால் அதன் இதயமான குரற்குறியாக்கம் ஓர் அமெரிக்க நிறுவனத்தின் காப்புரிமைக்குட்பட்டது, சில்லாகவே விற்கப்பட்டது. வீட்டிலே கருவி செய்ய முனைந்தவரும் அச்சில்லை விலைகொடுத்து வாங்க வேண்டியவரானார். வாங்கிய பின்னரும் அதனுள்ளே நிகழ்வதை அவர் அறியார். எல்லை கடந்து செல்லும் அமெச்சூர்ச் செய்திகளைப் பொருள் மறைக்கும் நோக்கோடு குறியாக்கம் செய்யலாகாது என்பது சர்வதேச விதி. சில்லை எவரும் வாங்கலாமாதலின் அவ்விதி மீறப்படவில்லை என்பர் சிலர். சட்டத்தின் எழுத்தளவில் அவர் கூற்றுச் சரியே. ஆயின், படிப்பதற்கு ஒரு நிறுவனத்திடம் பணங்கட்ட வேண்டிய நெடுங்கணக்கை எவரும் பொதுமொழி என்று அழைப்பதில்லை.

இந்நிலைக்கு விடையிறுத்தவர் அவுஸ்திரேலியப் பொறியியலாளர் டேவிட் ரோ. மனிதக் குரலைச் சைன் அலைகளின் கூட்டாகக் கொண்டு சுருக்கும் முறையிலே கலாநிதிப் பட்ட ஆய்வு செய்திருந்த அவர், 2010இல் கோடெக்-2 என்னும் குறியாக்கியை மூலநிரலோடு வெளியிட்டார். செக்கனுக்கு 3200 பிற்றுகளிலிருந்து 700 வரை, அதற்குங் கீழும், குரலைச் சுருக்க அதனால் இயன்றது. 2012இல் அதனைக் கொண்டு சிற்றலையிற் பேசுவதற்கான பிரீ-டீவீ என்னும் மென்பொருள் வந்தது. 2019இல் போலந்து நாட்டில் தொடங்கப்பெற்ற எம்-17 முறையும் அதே குறியாக்கியையே தனதாக்கிக்கொண்டது. எவரிடமும் அனுமதி கேட்க வேண்டியிருக்கவில்லை.

இதனினும் பெரிய சான்று ஒன்றுண்டு. இரட்டைத் துடிமீனைக் கண்டுபிடித்தமைக்காக 1993இல் பௌதிகவியலுக்கான நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்ட ஜோசப் டெய்லர், நலிந்த சமிக்ஞைகளை மீட்கும் தமது டபிள்யூ-எஸ்-ஜே-டீ மென்பொருளை 2005இல் திறந்த மூலமாக்கினார். 2017இல் அக்குடும்பத்தில் வந்த எஃப்-டீ-8 முறை, 15 செக்கன் தவணைகளில், ஏறத்தாழ 50 ஹேட்ஸ் அகலத்துக்குள், காதுக்கு எட்டாத சமிக்ஞையையும் படித்துவிடுகின்றது. அழைப்புக்குறியும் இடமும் பரிமாறியதோடு உரையாடல் முடிந்துவிடுகிறதே, இதுவும் ஓர் உரையாடலா என்று மூத்தோர் முணுமுணுத்தனர். முணுமுணுப்பில் நியாயம் உண்டு. ஆனால் மூலநிரல் திறந்திருந்தமையால் குறையை முணுமுணுப்போடு விடவேண்டிய தேவை இருக்கவில்லை. அடுத்த ஆண்டே அதே அடித்தளத்தின்மீது, தட்டெழுதி உரையாடத்தக்க ஜே-எஸ்-8 முறையை வேறொருவர் எழுப்பினார். பூட்டிய மென்பொருளில் அதே முணுமுணுப்பு உரிமையாளருக்கு அனுப்பும் விண்ணப்பமாகவே முடிந்திருக்கும்.

திறந்த மென்பொருளில் குறையில்லை என்று வாதிடுதல் நேர்மையாகாது. கையேடுகள் அரைகுறை. ஒருவரோ இருவரோ சோர்ந்தால் திட்டமே நின்றுவிடும் அபாயமுண்டு. பிரீ-டீவீயின் தொடக்கக்கால முறைகள் நலிந்த அலையில், பழைய ஒற்றைப் பக்கப்பட்டைக் குரலுக்குத் தோற்றதும் உண்மையே. விலைக்கு விற்கப்படும் பெட்டி பொத்தானை அழுத்தியதும் வேலை செய்கின்றது. அதைச் செய்தவர்களின் உழைப்புக்கு ஊதியம் வேண்டாமா என்ற கேள்வியும் அற்பமானதன்று, ஊதியம் பெறட்டும். ஆனால் இவ்வாதம் வாங்குபவருக்குரியது, அமெச்சூருக்குரியதன்று. தோற்ற முறையைத் திருத்துவதற்கு வழி இருந்ததா என்பதே அவர் கேட்க வேண்டிய கேள்வி.

அனர்த்த காலத்தில் இத்தகைய தத்துவங்களுக்கு இடமில்லை, நம்பகமான கருவியே வேண்டும் என்பது எதிர்த்தரப்பின் இறுதி ஆயுதம். 2004 டிசெம்பர் 26ஆந் திகதிக் கடற்கோளின்போது இலங்கையிலும் அந்தமானிலும் அமெச்சூர்கள் செய்தி சுமந்தனர். போர்ட் பிளேயரில் அன்றிருந்தவர்கள் உலகெங்குமுள்ள சக அமெச்சூர்களோடு தொடர்புகொள்ளவென்று சென்ற இந்தியக் குழுவினர். அழிவு நேர்ந்ததும் தம் நிலையத்தை மீட்புப் பணிக்குத் திருப்பினர். சாதாரணக் குரலுக்கும் மோர்ஸ் ஒலிக்கும் உரிமையாளர் கிடையாது. கேட்கக்கூடிய எவரும் கேட்கலாம், பழுதானால் அறிந்த எவரும் திருத்தலாம். அனர்த்த நாளில் பூட்டிய பெட்டி பழுதுபட்டால் அதன் திறவுகோல் இருப்பது கடல் கடந்த அலுவலகமொன்றில்.

ஆகவே கழகங்கள் பொதுப்பணத்தில் புதிய ரிப்பீற்றர் நிலையங்களை நிறுவுங்கால், மூலநிரல் வெளியிடப்படாத குறியாக்கத்தை மட்டுமே ஏற்கும் கருவிகளை மறுக்க வேண்டும். அனுமதிப் பரீட்சைக்கு ஆயத்தஞ் செய்வோருக்கு ஓமின் விதியோடு, ஒரு குறியாக்கியின் மூலநிரலையேனும் வாசிக்கக் கற்பிக்க வேண்டும். 2012 முதல், மலிவான தொலைக்காட்சி ஏற்பி ஒன்றைக் கணினியிற் செருகி, இலவச மென்பொருளாற் பரந்த அலைப்பரப்பைக் கேட்க முடிகின்றது. வறிய மாணவருக்கும் ஆய்வுகூடம் மேசையின்மீதே வந்துவிட்டது. இனியும் அவரைப் பொத்தான் அழுத்துபவராக மட்டும் பழக்கும் கழகம், தன் பெயரிலுள்ள அமெச்சூர் என்ற சொல்லுக்கு என்ன பொருள் கொள்கின்றது என்பதை உறுப்பினர் கூட்டத்திலே விளக்கட்டும்.