எத்தனை மணிக்கு இறங்குவோம்?

எங்கள் ஊரான பலமனேரில் ரயில் நிலையம் கிடையாது. சித்தூருக்கு மொகிலி மலைச்சாலை இறங்கி நாற்பது கிலோமீட்டர் போக வேண்டும். திருப்பதி என்றால் பஸ்ஸிலேயே மூன்று மணி நேரம் என்று வைத்துக்கொள்ளலாம். அதனால் எங்கள் ஊரில் ரயில் பேச்சு எப்போதும் பஸ்ஸில்தான் போய் முடியும். "எத்தனை மணிக்கு ரயில்?" என்று கேட்டவர், பதில் வந்ததும் "அந்த நேரத்துக்கு பஸ் இருக்குமா?" என்று கேட்பார். பகல் ரயிலா, ராத்திரி ரயிலா என்ற வாதமெல்லாம் அதற்கு அப்புறம்தான்.

சென்னை சென்ட்ரலில் ஏறுகிறவருக்கு ராத்திரி ரயில் சுகம். சாப்பிட்டுவிட்டு ஏறி, பெட்ஷீட் விரித்துப் படுத்துவிடுவார். நாங்கள் ஏறி இறங்கும் காட்பாடி அங்கிருந்து 130 கிலோமீட்டர். சென்னையில் ஒன்பது, பத்து மணிக்கும் அதற்கு மேலும் கிளம்பும் வண்டிகள் காட்பாடிக்கு வரும்போது நடுநிசியை நெருங்கியிருக்கும், சில அதையும் தாண்டியிருக்கும். விளக்கணைத்த பெட்டியில் செல்போன் வெளிச்சத்தில் பர்த் எண் தேடி, அதில் குறட்டை விட்டுக்கொண்டிருப்பவரைத் தட்டி எழுப்பி, அவர் முறைப்பையும் வாங்கிக்கொண்டு படுக்க வேண்டும். திரும்பி வரும்போது விடியற்காலை மூன்றரைக்கு காட்பாடி என்றால் இரண்டு மணியிலிருந்தே தூக்கம் கிடையாது. இறங்கிய பிறகு முதல் பஸ்ஸுக்குக் காத்திருக்க வேண்டும். குடியாத்தம் வழியில் கார் வைத்துக்கொண்டு வரலாம்தான். ஆனால் அது கவுண்டின்யா காட்டை ஒட்டிய சாலை, யானை நடமாட்டம் உண்டு. அதற்காகவே 2025-இல் கர்நாடகத்திலிருந்து கும்கிகளைக் கொண்டுவந்து எங்கள் ஊர்ப் பக்கம் முசலிமடுகில் முகாம் போட்டிருக்கிறார்கள். அந்த வழியில் இருட்டில் வர நான் சம்மதிப்பதில்லை.

ஹைதராபாத் கதை இன்னும் வேடிக்கை. திருப்பதியிலிருந்து செகந்திராபாத்துக்கு நாராயணாத்ரி எக்ஸ்பிரஸ் நெடுங்காலமாக இரவில் ஓடுகிறது. 2023 ஏப்ரல் 8-ஆம் தேதி வந்தே பாரத் வந்தது. எட்டு மணி நேரத்துக்குச் சற்று அதிகம், உட்கார்ந்தபடி பயணம். பலரும் இதைப் பகல் ரயில் என்கிறார்கள். திருப்பதியில் மதியம் மூன்று மணிக்கு மேல் கிளம்பி, நடுநிசியை ஒட்டி செகந்திராபாத்தில் இறக்கிவிடும் வண்டி எப்படிப் பகல் ரயிலாகும்? நேரம் மிச்சம் என்று போனவர் ஆட்டோக்காரரிடம் பேரம் பேசி, வீட்டுக்காரர்களை எழுப்பிக் கதவைத் திறக்க வைக்கிறார். நாராயணாத்ரி மெதுவாகப் போனாலும், டிபன் கடைகள் அடுப்பு பற்றவைக்கும் நேரத்துக்கு ஊருக்குள் கொண்டுபோய் விடும். அதற்காக வந்தே பாரத்தைக் குறை சொல்லவில்லை. அதே வண்டி வரும்போது காலை ஆறு மணி சுமாருக்குக் கிளம்பி மதியம் இரண்டரைக்குத் திருப்பதி சேர்கிறது. விளக்கு வைக்கும் நேரத்துக்கு பலமனேர் வந்துவிடலாம். போவதற்கு நாராயணாத்ரி, வருவதற்கு வந்தே பாரத் என்று எங்கள் தெருவில் பலர் வழக்கமாக்கிக்கொண்டுவிட்டார்கள்.

பெங்களூரில் வேலை பார்க்கும் தங்கை மகன் போன வாரம் வந்திருந்தான். கோலாலம்பூரிலிருந்து பாங்காக் வரை ரயிலில் போகப் போகிறானாம். "மாமா, முழுக்க ராத்திரி வண்டியாவே பாத்துட்டா ஹோட்டல் காசு மிச்சம்தானே?" என்றான். இந்தக் கணக்கு எல்லாரும் போடுவது. இதில் இரண்டு செலவு விட்டுப்போகிறது. அகால நேரத்தில் இறங்கினால் ஹோட்டலில் ரூம் மதியம்தான் தருவார்கள். அதுவரை பெட்டியோடு தெருவில் சுற்ற வேண்டும். இரண்டாவது, எல்லை. நடுராத்திரியில் எழுப்பி பாஸ்போர்ட் கேட்டால் படுக்கைக்குக் கொடுத்த பணம் வீண்.

நம் முன்னோர் இலங்கைக்குப் போன போட் மெயிலில் இதற்கு நல்ல வழி இருந்தது. 1914-இல் பாம்பன் பாலம் திறந்தபிறகு, எழும்பூரில் மாலையில் ஏறினால் மறுநாள் பிற்பகல் தனுஷ்கோடி. அங்கே கப்பல் ஏறினால் சுமார் இரண்டு மணி நேரத்தில் தலைமன்னார், மறுபடி ஓர் இரவு ரயில், விடிந்தால் கொழும்பு. ஓட்டம் பெரும்பாலும் இரவில். பெட்டியைத் திறந்து காட்டுவது, கப்பல் ஏறுவது எல்லாம் பகலில். 1964 டிசம்பர் புயல் தனுஷ்கோடியை அழித்ததோடு அந்த ஏற்பாடு போனது. பாகிஸ்தான் ரயில்கள் 2019-இலும் டாக்கா ரயில்கள் 2024-இலும் நின்றபின், நேபாளம் போகும் ஜெயநகர் வண்டியைத் தவிர நம் நாட்டிலிருந்து ரயிலில் எல்லை தாண்டும் வழி சொல்லும்படியாக இல்லை. தமிழர்களுக்குப் பழக்கமான தடம் என்றால் மலேசியா–தாய்லாந்துதான்.

போட் மெயிலின் ஒழுங்கு இன்றும் அங்கே இருக்கிறது. கோலாலம்பூரிலிருந்து எல்லை ஊரான பாடாங் பெசாருக்கு இ.டி.எஸ். மின்சார ரயில் பகலில் ஓடுகிறது. ஈப்போவின் சுண்ணாம்புக்கல் குன்றுகளும், ரயில் குறுக்கே கடந்து போகும் புக்கிட் மேரா ஏரியும் பார்க்க வேண்டியவை. இரவில் போனால் இரண்டும் போச்சு. பாடாங் பெசாரில் இரு நாட்டுக் குடிநுழைவும் ஒரே நிலையத்துக்குள் முடிந்துவிடும். அதன்பின் மாலையில் பாங்காக் வண்டி. ஏறியபிறகு பாஸ்போர்ட்டுக்காக யாரும் எழுப்ப மாட்டார்கள்.

அந்த இரண்டாம் வகுப்புப் படுக்கை நம் சைடு லோயர், சைடு அப்பர் மாதிரி ஜன்னலை ஒட்டி நீளவாக்கில் இருக்கும், நடுவில் நடைபாதை. ஆனால் அகலம் தாராளம், திரை உண்டு. ஊழியர் வந்து எதிரெதிர் சீட்டை இழுத்துச் சேர்த்து மெத்தை போட்டுத் தருவார். கீழ் பர்த்துக்குக் கொஞ்சம் கூடுதல் காசு, கொடுங்கள். காரணம் காலையில் தெரியும். பெட்சபூரி பக்கம் ஜன்னல் நிறையப் பனைமரம்! ஏதோ ஒரு தென்னை இனம் இல்லை, நம் நுங்கும் கள்ளும் தரும் அதே பனை.

பாங்காக் சேர ஒன்று ஒன்றரை மணி நேரம் இருக்கும்போது நோங் பிளாடுக் என்ற சந்திப்பு வரும். 1942-இல் ஜப்பானியர் பர்மாவுக்குப் போட ஆரம்பித்த 415 கிலோமீட்டர் மரண ரயில்பாதை அங்கேதான் கிளை பிரிந்தது. மலாயாத் தோட்டங்களிலிருந்து தமிழர்களைச் சரக்கு வேகன்களில் அடைத்து, நாள்கணக்கில், இதே தடத்தில்தான் கொண்டுவந்தார்கள். பல்லாயிரம் பேர் திரும்பவில்லை. மேற்கிலிருந்து வந்த போர்க்கைதிகளுக்குக் கல்லறைத் தோட்டமும் சினிமாவும் இருக்கின்றன. நம் ஆட்களைப் பற்றி நாமே அதிகம் பேசியதில்லை. மிச்சமிருக்கும் பாதையில் பாங்காக்கின் தோன்புரியிலிருந்து நாம் தோக் வரை வண்டி ஓடுகிறது. பகலில் மட்டும்தான். ஒரு நாள் ஒதுக்கிப் போய்வரச் சொன்னேன்.

"அப்ப ஐரோப்பாவிலயும் இப்படித்தானா?" என்றான். அங்கே கணக்கு வேறு. ஷெங்கன் நாடுகளுக்குள் எல்லையில் எழுப்பும் தொல்லை பெரும்பாலும் இல்லை, ஆனால் படுக்கை விலை கடிக்கும். நம் மூன்றடுக்கு ஏசி பெட்டியில் 72 பர்த், வந்தே பாரத் சேர் கார் பெட்டியில் 78 சீட். பெரிய வித்தியாசமில்லை, அதனால் நமக்கு இரவுப் பயணம் மலிவு. அங்கே ஒரு படுக்கை அறைப் பெட்டியில் 36 பேர் படுத்தாலே அதிகம், அதுவும் ஓர் இரவுக்கு ஒருமுறைதான் விற்க முடியும். 2023 டிசம்பரில் ஆஸ்திரிய ரயில்வே தொடங்கிய பாரிஸ்–பெர்லின் இரவு ரயிலை, பிரான்ஸ் அரசின் மானியம் நின்றதும் 2025 டிசம்பரில் அவர்களே கைவிட்டார்கள். பகல் ரயில் என்றால் காட்சி உறுதி என்றும் நினைக்க வேண்டாம். சூரிக்–மிலான் வேக ரயில் ஆல்ப்ஸ் மலைக்கு அடியில் 57 கிலோமீட்டர் சுரங்கத்தில் போகிறது. மலை பார்க்க வேண்டுமானால் மேலே ஓடும் பழைய பாதை வண்டியைத் தேடிப் பிடிக்க வேண்டும்.

கோலாலம்பூர்–பாங்காக் போக நினைக்கும் மற்றவர்களுக்கும் சொல்லிவிடுகிறேன். இரண்டு நாட்டு ரயிலுக்கும் டிக்கெட் தனித்தனி. தாய்லாந்து நேரம் மலேசியாவுக்கு ஒரு மணி பின்னால். டிக்கெட்டில் எந்த நேரம் போட்டிருக்கிறது என்று பார்த்து, நடுவில் குறைந்தது இரண்டு மணி நேரம் விடுங்கள். பாடாங் பெசார் வரை வருபவை சில படுக்கைப் பெட்டிகள்தான், மற்றவை ஹாட் யாயிலிருந்துதான் சேரும். அந்தப் படுக்கையை முதலில் உறுதி செய்துகொண்டு, அப்புறம் விமான டிக்கெட் எடுங்கள்.