காவல் பொது, சுமை தனி

ஐரோப்பிய வங்கிகளுக்கு ஒரே காவலன் வந்துவிட்டான், இனி அச்சமில்லை என்று பறைசாற்றுவோர் பலர். காவலன் வந்தது மெய்யே. 2014 நவம்பர் 4ஆம் திகதி முதல், யூரோ நாடுகளின் பெரிய வங்கிகளைப் பிராங்பேர்ட்டிலுள்ள ஐரோப்பிய மத்திய வங்கி நேரடியாக மேற்பார்வை செய்கிறது. 3,000 கோடி யூரோவுக்கு மேற்பட்ட சொத்துடைய வங்கிகள் இதனுள் அடங்கும். ஆனால் அவன் காப்பது யாருடைய பெட்டகத்தை என்பதே நாம் எழுப்பும் வினா.

இக்காவல் தோன்றிய வரலாற்றை நோக்குவோம். 2008 செப்டெம்பரில் அயர்லாந்து அரசு ஆறு வங்கிகளின் வைப்புகளுக்கும் பெரும்பாலான கடன்களுக்கும் பொறுப்பேற்றது. வங்கிகளை மீட்க ஏறத்தாழ 6,400 கோடி யூரோ பொதுப்பணம் கொட்டப்பட்டது. இலாபம் தனியாருடையதாயிருந்தது, நட்டம் தேசத்தின் கடனாயிற்று. வங்கியும் அரசும் ஒன்றையொன்று படுகுழிக்குள் இழுக்கும் இவ்வட்டத்தை உடைப்போமென 2012 ஜூனில் யூரோ நாட்டுத் தலைவர்கள் உறுதி கூறினர்.

உறுதி கூறி ஓராண்டு செல்லுமுன் நிகழ்ந்தது யாது? ஓர் இலட்சம் யூரோ வரையிலான வைப்புகளுக்குச் சட்டம் காப்புறுதி அளித்திருந்தது. ஆயினும் 2013 மார்ச்சில் சைப்பிரஸின் சிறு வைப்புகளிலும் 6.75 வீதம் அறவிட யூரோ நாட்டு நிதியமைச்சர்கள் இணங்கினர். அந்நாட்டுப் பாராளுமன்றம் அதனை நிராகரித்தமையாலேயே சிறு சேமிப்பாளர் தப்பினர்.

2017 ஜூன் மாதத்தையும் எடுத்துக்கொள்வோம். ஸ்பெயினில் பாங்கோ பொப்புலார் வீழ்ந்தது. பங்குதாரர் யாவற்றையும் இழந்தனர். வங்கி ஒரு யூரோவுக்கு சன்டான்டர் வங்கியிடம் சென்றது. அதே மாதத்தில் இத்தாலியின் வெனெத்தோ மாநிலத்தில் இரு வங்கிகள் சரிந்தன. வீழும் வங்கிகளைக் கையாளவென நிறுவப்பட்ட பொதுச் சபை, இதில் பொதுநலன் இல்லையெனக் கைவிரித்தது. இத்தாலிய அரசு ஏறத்தாழ 480 கோடி யூரோ ரொக்கமும், மேலும் 1,200 கோடி வரை உத்தரவாதமும் வழங்கியது. நல்ல சொத்துக்களை இன்ரேசா வங்கி ஒரு யூரோவுக்குப் பெற்றது. ஒரே காவலன், ஒரே மாதம், இருவேறு நீதி! இரண்டிலும் ஒன்று மட்டும் மாறவில்லை: பெரிய வங்கி மேலும் பெருத்தது.

அப்படியாயின் மேற்பார்வையை அந்தந்த நாட்டிடமே விட்டுவிடலாமென்பர் சிலர். அதுவும் நமக்கு உடன்பாடன்று. எல்லை கடந்து இயங்கும் மூலதனத்தை எல்லைக்குள் நிற்கும் அதிகாரி அடக்க முடியாது. அயர்லாந்து வங்கிகள் வீங்கியபோது காவல் நின்றவர் உள்நாட்டு அதிகாரிகளேயன்றோ?

பொது மேற்பார்வை இருப்பது குற்றமன்று. அது பாதியில் நிறுத்தப்பட்டதே குற்றம். வைப்புகளுக்குப் பொதுக் காப்புறுதி வேண்டுமென்ற யோசனை 2015 நவம்பரில் முன்வைக்கப்பட்டது. பிறர் நட்டத்தை நாம் சுமப்பதா என்று ஜெர்மனி முதலிய நாடுகள் தடுத்தன. அது இன்னும் சட்டமாகவில்லை. ஆகவே எதென்ஸ் தொழிலாளியின் சேமிப்புக்கு எதென்ஸே பொறுப்பு. அவ்வங்கிக்குக் கட்டளையிடுவதோ பிராங்பேர்ட்.

அதிகாரத்தைப் பொதுவாக்கியவர்கள் பொறுப்பையும் பொதுவாக்கட்டும். பெருவங்கிகள் ஈட்டும் இலாபத்திலிருந்து அக்காப்புறுதி நிதி திரட்டப்படட்டும். மேற்பார்வையாளர் மக்கள் பிரதிநிதிகளுக்குக் கணக்குக் காட்டட்டும். அதுவரை வங்கி ஒன்றியம் என்னும் பெயர் வங்கிகளுக்கே பொருந்தும். மக்களுக்கு அதில் இடமில்லை.