நம் சந்துகளுக்கு நான்கு கட்டங்கள்

மும்பையிலிருந்து நாகர்கோவிலுக்குப் போகும் ரயில் விருதுநகரில் நின்று செல்லும். தாராவியிலும் செம்பூரிலும் இருந்து ஊருக்குப் போகும் நம்மவர் பலருக்குப் பழகிய நிலையம் அது. அங்கிருந்து கொஞ்ச தூரத்தில் சிவகாசி. பட்டாசுக்கும் காலண்டருக்கும் பேர்போன அந்தச் சிறுநகரம்தான் அரை நூற்றாண்டுக்கு மேலாகத் தமிழ் காமிக்ஸைத் தாங்கி நிற்கிறது.

1972இல் சௌந்திரபாண்டியன் அங்கே முத்து காமிக்ஸைத் தொடங்கினார். முல்லை தங்கராசன் ஆசிரியர். முதல் நாயகன் இரும்புக்கை மாயாவி. 1984இல் சௌந்திரபாண்டியனின் மகன் விஜயன், மீசை அரும்பும் வயதில், லயன் காமிக்ஸைக் கொண்டுவந்தார். அதே ஆண்டு தினத்தந்தி குழுமத்தின் ராணி காமிக்ஸும் பிறந்தது. பெரிய நாளிதழின் விநியோக பலம் இருந்தும் அது 2005இல் நின்றுவிட்டது. சிவகாசி இதழ்களும் தள்ளாடின. சொன்ன தேதியில் வராத ஆண்டுகள் உண்டு. ஆனாலும் 2012இல் நல்ல தாளில், வண்ணத்தில் எழுந்து வந்தன.

எப்படி முடிந்தது? அச்சகம் பக்கத்திலேயே இருந்தது. அதைவிட, வாசகர் பக்கத்தில் இருந்தார்கள். முன்கூட்டியே சந்தா கட்டினார்கள், பிடிக்காததைச் சண்டை போட்டுச் சொன்னார்கள், பழைய இதழ்களைப் பொத்திப் பாதுகாத்தார்கள். 'இரத்தப் படலம்' என்ற காமிக்ஸ் தொடர் 2010இல் 800 பக்கங்களைத் தாண்டிய ஒரே தொகுப்பாக வந்ததும் அந்த நம்பிக்கையில்தான். பெருநகரத்தின் ஆதரவுக்குக் காத்திராமல் ஒரு சிறுநகரம் செய்து காட்டிய காரியம் இது.

நன்றியோடு ஒரு குறையையும் சொல்ல வேண்டும். மாயாவி, டெக்ஸ் வில்லர், லக்கி லூக் எல்லோரும் கடல் கடந்து வந்த நாயகர்கள். அவர்களை நேசித்தோம், இன்றும் நேசிக்கிறோம். ஆனால் நம் தெருவில் நடக்கும் கதை அந்த காமிக்ஸ் கட்டங்களுக்குள் அதிகம் வரவில்லை.

வர முடியும் என்பதற்குச் சான்று உண்டு. 2011இல் நவயானா பதிப்பகம் வெளியிட்ட 'பீமாயணா' என்ற சித்திரக்கதை நூலில் அம்பேத்கரின் வாழ்க்கையை துர்காபாய் வியாமும் சுபாஷ் வியாமும் தங்கள் பர்தான் கோண்டு மரபின் கோடுகளால் வரைந்தார்கள். சதுரக் கட்டங்களையே அவர்கள் ஏற்கவில்லை. தங்கள் கலை கேட்டபடி பக்கத்தைப் பிரித்துக்கொண்டார்கள். ஷரத் சர்மாவின் வேர்ல்டு காமிக்ஸ் இந்தியா அமைப்பு இன்னும் எளிய வழியைக் காட்டியது. கிராமத்து மக்கள் தங்கள் பிரச்சினையைத் தாங்களே நான்கு கட்டங்களில் வரைவார்கள். ஜெராக்ஸ் எடுத்துத் தேநீர்க் கடையிலும் பேருந்து நிறுத்தத்திலும் ஒட்டுவார்கள். ஓவியப் பள்ளிக்குப் போயிருக்க வேண்டியதில்லை. சொல்ல ஒரு கதை இருந்தால் போதும்.

தாராவியில் கதைக்கா பஞ்சம்? திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்து தோல் பதனிட்ட தாத்தாக்கள், வாசலில் இட்லிப் பானை ஏற்றிக் குடும்பத்தைக் கரைசேர்த்த ஆச்சிகள், தண்ணீர் வரும் நேரத்துக்கு வரிசையில் நின்றபடியே பரீட்சைக்குப் படித்த பிள்ளைகள். இவர்களைப் படம்பிடிக்க வெளியிலிருந்து எத்தனையோ கேமராக்கள் வந்து போய்விட்டன. உள்ளேயிருந்து வரைந்த கை மிகக் குறைவு. மறுசீரமைப்புக்காக 2024இல் வீடுகளுக்கு எண் போட்டுக் கணக்கெடுக்கத் தொடங்கினார்கள். இந்தச் சந்துகள் இதே வடிவில் இன்னும் எத்தனை காலம் இருக்கும்? வரைவதற்கான வேளை இதுதான்.

இன்னொரு காரணமும் உண்டு. வீட்டில் தமிழ் பேசி, பள்ளியில் இந்தியோ ஆங்கிலமோ படிக்கும் நம் பிள்ளைகள் பலருக்குத் தமிழ் எழுத்து கூடிவரவில்லை. அவர்கள் கையில் எடுத்த எடுப்பில் நாவலைக் கொடுக்க முடியாது. படத்தோடு நாலு வரி கொடுக்கலாம். அதில் தங்கள் சால் வீடு, தங்கள் ஆச்சி, தங்கள் பேச்சு இருந்தால் எழுத்துக் கூட்டியாவது படிப்பார்கள்.

ஆகவே அடுத்த இதழிலிருந்து இரண்டு பக்கங்களை நான்கு கட்டக் கதைகளுக்கு ஒதுக்குகிறோம். தாராவி, மாட்டுங்கா, செம்பூர், எங்கிருந்தும் அனுப்புங்கள். பென்சிலோ பேனாவோ, வெள்ளைத் தாள் போதும். கோடு கோணலாக இருக்கலாம். தமிழில் பிழை இருந்தால் சேர்ந்து உட்கார்ந்து திருத்துவோம். கதை மட்டும் உங்களுடையதாக இருக்க வேண்டும். வரும் கதைகளை ஜெராக்ஸ் எடுத்து நம் நூலகங்களிலும் கடைச் சுவர்களிலும் ஒட்டும் வேலை எங்களுடையது.